மூன்றாவது பட்டனும் எட்டு கிலோ கோழியும்

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கால் வீக்கம் வற்றி, சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கு எல்லோரும் நலம். குறிப்பாக எல்லோருடைய வயிறும் நலம். மொத்தம் இருபத்திரண்டு வயிறுகள், ஒன்றுகூடக் குறையாமல். கடிதத்தில் யாரும் வயிற்றை எண்ணிச் சொல்வதில்லை என்பது எனக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் தாங்கள் இருந்திருந்தால் தாங்களும் எண்ணியிருப்பீர்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். இரண்டு மாதத்துக்கு முன் தங்கள் மகளைப் பற்றி, அதாவது என் மருமகளைப் பற்றி, பதினான்கு பக்கத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதியிருந்தேன் அல்லவா? பார்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் ஆதலால் புகார் என்றால் நல்ல கனமான தாளில், ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு எழுதுவதுதான் என் வழக்கம். அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலில் ஒரே ஒரு வரி இருந்தது: "அவ சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்." அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தோன்றுகிறது. தயவுசெய்து அந்தப் பதினான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிடவும். அதில் எழுதியதை எல்லாம் நான் இங்கே வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.

பச்சைக் கோழியை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இடம் காலியாகக் கிடக்கும்போதும் மூடி போட்ட டப்பாவில் அடைத்து, டப்பாவைத் தட்டில் வைத்து, தட்டை அடித்தட்டில்தான் வைக்கிறாள் என்று எழுதியிருந்தேன், வாபஸ். அதிலிருந்து ஒரு சொட்டு நீர் கீழே இருக்கும் பழத்தில் விழுந்தால் குடும்பமே வரிசையாகப் படுக்க வேண்டியதுதான் என்று இப்போது புரிகிறது. கடையிலிருந்து வந்த கோழியைக் குழாயடியில் கழுவ விடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தேன், அதுவும் வாபஸ். "கழுவினா கோழி சுத்தமாகாது மாமா, நம்ம சமையல்கட்டுதான் அழுக்காகும், தண்ணி எங்கெல்லாம் தெறிக்குதோ அங்கெல்லாம் கிருமி போய் உட்காரும்" என்று அவள் சொன்னதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெந்துவிட்டதா என்று பார்க்க ஊசி மாதிரி ஒரு வெப்பமானியைத் தொடையின் கனமான இடத்தில் குத்துகிறாள், அது எழுபத்தைந்து காட்டாமல் பரிமாறுவதில்லை, பசியோடு தட்டும் கையுமாக நிற்கும் மாமனாருக்கும் சலுகை கிடையாது என்று எழுதியிருந்தேன். வாபஸ். ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டுகிறாள், பச்சைக் கோழி என்றால் இரண்டு நாள், சமைத்தது என்றால் மூன்று நாள், நாள் தாண்டினால் கேள்வி முறை இல்லாமல் குப்பைக்குப் போகிறது, ஒருநாள் நான் நாற்காலியில் தூங்கி எழுந்தபோது என் சட்டைப் பையிலேயே "திறந்தது: செவ்வாய்" என்று ஒரு சீட்டு இருந்தது என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அது ஒன்றரை வயதுப் பேரனின் கைவரிசை என்று பிறகு தெரிந்தது. அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சொல்லப் போனால் அந்தச் சீட்டுகளே நல்ல தரமான கனத்த தாள். எங்கிருந்துதான் பிடிக்கிறாளோ, இப்போது கடைகளில் அந்த மாதிரித் தாள் கிடைப்பதே இல்லை.

ஆனால் சம்பந்தி, அந்தப் புகாருக்கு உண்மையான காரணம் இவை எதுவுமே இல்லை. அதை நான் பதினான்கு பக்கத்திலும் எழுதவில்லை. உண்மையான காரணம் என் மூக்கு.

என் மூக்கைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்சல் ஆபீஸில் எனக்கு மூக்கர் என்றே பெயர். ஆணியடித்து மூடிய கூடையின் பக்கத்தில் போய் நின்று, மூன்றாவது அடுக்கில் மீன் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். திறந்து பார்த்தால் மூன்றாவது அடுக்கேதான். மேலதிகாரிகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "மூக்கர் பாத்துட்டாரா?" என்று கேட்பார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகமும் அதுதான். பால், வெண்ணெய், கறி, கோழி எதுவானாலும் என் முன்னால் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் கண்ணை மூடி, முகர்ந்து, நாலு எண்ணி, தீர்ப்புச் சொல்வேன். ஒருநாள் தங்கள் மகளிடம், "இவ்வளவு சீட்டு எதுக்கும்மா? கெட்டுப் போனா என் மூக்கு சொல்லிடாதா?" என்று கேட்டேன். அவள் பெரிய மருத்துவமனையின் சமையற்கூடத்தில் முந்நூறு நோயாளிகளுக்குப் போகும் சாமான்களுக்குப் பொறுப்பு பார்க்கிறவள். பதிலும் அப்படித்தான் வந்தது. "சொல்லும் மாமா. புளிச்ச நாத்தம் வந்தாலோ, தொட்டா வழவழன்னு கையில ஒட்டினாலோ, ரோஸ் நிறம் போய் சாம்பலா பச்சையா மாறினாலோ, பை உப்பியிருந்தாலோ, இதுல ஒண்ணு இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும். ஆனா ஒண்ணுமே இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆளைப் படுக்கப் போடற கிருமிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூக்கை விட கடிகாரத்தைத்தான் நம்பணும்" என்றாள். மூக்கை விடக் கடிகாரம்! முப்பத்தோரு வருட சர்வீஸை ஒரே வாக்கியத்தில் காலி செய்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து தங்களுக்குப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

இப்போது ஒரு ரகசியம். இதைச் சம்பந்தியம்மாளிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன், ஆனால் இருபத்தோரு பேர் முன்னால் நானே போட்டு உடைத்துவிட்டபடியால் தாராளமாகச் சொல்லலாம். நான் அந்தக் கடிதத்தை எழுதிய நாளில் என் மூக்கு வேலை செய்யவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே போய்விட்டது. ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மனைவி நெஞ்சில் தைலம் தேய்த்தாள். ஜில்லென்று இருந்ததே தவிர மணம் வரவில்லை. சோப்பை முகர்ந்தேன், மண்ணெண்ணெய் டப்பாவை முகர்ந்தேன், யாரும் பார்க்காதபோது என் செருப்பை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை, சம்பந்தி. வெறும் காற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் எனக்கு இருந்த ஒரே நாற்காலியும் போய்விடும் என்று பயம். ஆகவே வழக்கம்போலக் கண்ணை மூடினேன், நாலு எண்ணினேன், கொண்டுவந்தவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். இப்படிப்பட்ட நிலைமையில்தான் தங்களுக்குக் கால் சுளுக்கியது.

தங்களைப் பார்க்க மகனும் மருமகளும் பேரனும் என் மனைவியும் வெள்ளிக்கிழமை காலை கிளம்பித் திங்கள் மாலைவரை அங்கே இருந்தார்கள் அல்லவா? அந்த நான்கு நாளும் வீட்டில் நான் மட்டும். மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு அதுதான் முதல் பயணம். நன்றாகத் தாங்கிக்கொண்டால் அடுத்த ஞாயிறு சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்துவிடலாம் என்று முன்பே பேசி, அதற்காக எட்டு கிலோ கோழி வாங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, சீட்டு ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்கியிருந்தாள் தங்கள் மகள். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மாமா, கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க. மூடியே இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். நாலு மணி நேரத்துக்கு மேல வரலைன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, மாடி வீட்டு டீச்சர்கிட்ட சொல்லி அவங்க ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொல்றேன்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்று வெடித்தது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் கரண்ட் போயிற்று. மாடி வீட்டுக்கு வேறு லைன் போலிருக்கிறது, அங்கே விசிறி ஓடிற்று. சரி, வரட்டும் என்று நான் பழைய பார்சல் ஆபீஸ் நண்பர்களோடு சீட்டாடப் போய்விட்டேன். சனிக்கிழமையும் போனேன், சனிக்கிழமை நல்ல கை விழுந்தது, அதனால் போன் ஞாபகம் வரவில்லை. நடுநடுவே ஐஸ் தண்ணீருக்காக ஃப்ரீசரைத் திறந்தேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள். ஐஸ் தட்டில் ஐஸ் இல்லை, தண்ணீர் இருந்தது. அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. ஒரு பொட்டலத்தைத் தூக்கினேன். கல்லாக இருக்க வேண்டியது தொளதொளவென்று கையில் தொங்கியது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? முகர்ந்து பார்த்தேன்! ஒரு வாசனையும் வரவில்லை. அப்பாடா, கெடவில்லை என்று மூடி வைத்துவிட்டேன். இத்தனை மாதம் ஊரை ஏமாற்றிப் பழகியவன் அன்றைக்கு என்னையே ஏமாற்றிக்கொண்டேன், சம்பந்தி. ஞாயிறு காலை கரண்ட் வந்தது. கணக்குப் பார்த்தால் நாற்பது மணி நேரம். திங்கள் காலைக்குள் எல்லாம் பழையபடி கல் மாதிரி உறைந்துவிட்டது, எனக்கும் மனசு கல் மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் திங்கள் காலையில்தான் பட்டன் விவகாரம் ஆரம்பித்தது. கட்டை விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டு ஐஸுக்காக ஃப்ரீசரைத் துழாவினால், மூலையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. கோப்பை நிறைய ஐஸ். ஐஸுக்கு அடியில் ஒரு வெள்ளை பட்டன். உற்றுப் பார்த்தால் என்னுடைய பட்டன்! என் வெள்ளைச் சட்டையின் மூன்றாவது பட்டன் பதினைந்து நாளாகக் காணாமல் போயிருந்தது. கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால் என்று தேடாத இடம் இல்லை. பேரன்தான் விளையாட்டுக்குத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறான் என்று தீர்மானித்தேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஃப்ரீசர் கதவு எட்டுமா என்று யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. வெந்நீர் ஊற்றிக் கரைத்து, பட்டனை எடுத்து, துடைத்து, நானே ஊசி கோத்துச் சட்டையில் தைத்துவிட்டேன். பிறகு, பாவம், குழந்தை வந்து பார்த்து ஏமாந்துவிடக் கூடாதே என்று கோப்பையில் புதிதாகத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, சாயங்காலம் அதன் தலைமேல் என் பழைய கோட்டிலிருந்து ஒரு பழுப்பு பட்டனை எடுத்து நட்டநடுவில் வைத்தேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. ராத்திரி எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மருமகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "கரண்ட் போச்சா மாமா?" என்று கேட்டாள். "போச்சும்மா, ஏதோ அரை மணி நேரம்" என்றேன். சீட்டாட்டத்தை எப்படிச் சொல்வது?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எல்லோரும் வந்தாயிற்று. கூடத்தில் நாற்காலி போதாமல் சிலர் கட்டிலில், சிலர் ஜன்னல் விளிம்பில். நடுவில் தலையணை வைத்த நாற்காலியில் என் மனைவி, மடியில் பேரன். நான் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் வரவேற்றபடி உலவிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன், பெரிய மச்சானைத் தங்களுக்குத் தெரியுமே, எதையும் ஒரு முறை சந்தேகப்படாமல் வாயில் வைக்கமாட்டார். "ஏம்மா, பத்து நாள் முன்னாடி வாங்கின கோழியாமே, தங்கச்சி வேற ஆபரேஷன் ஆன உடம்பு, டாக்டர் என்ன சொன்னாரு? இன்னொரு தடவை வயித்துல கோளாறு வந்தா தாங்காதுன்னாரே" என்று ஆரம்பித்தார். தங்கள் மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அந்தக் கண்ணாடிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. பேரனின் விளையாட்டுச் சாமானைச் சபைக்குக் கொண்டுவருகிறாளே என்றுதான் நினைத்தேன்.

"இது எங்க வேலையில கத்துக்கிட்டது பெரிய மாமா. ஃப்ரீசர்ல ஒரு கோப்பைத் தண்ணிய உறைய வெச்சு, மேல ஒரு பட்டனையோ காசையோ வெச்சுடுவோம். நாம இல்லாதப்போ கரண்ட் ரொம்ப நேரம் போச்சுன்னா ஐஸ் உருகும், பட்டன் அடியில போயிடும். கரண்ட் வந்து திரும்ப உறைஞ்சாலும் பட்டன் மேல வராது. கோழி பார்க்க நல்லா கல்லு மாதிரிதான் இருக்கும், ஆனா உருகி உறைஞ்சதுன்னு பட்டன் காட்டிக் குடுத்துடும். பாருங்க, பட்டன் மேலயே இருக்கு" என்றாள். கோப்பை கை மாறிக் கை மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் பட்டனைப் பார்த்தார்கள். பழுப்பு பட்டன், நட்டநடுவில், நான் வைத்தது வைத்தபடி.

சம்பந்தி, எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மார்பில் மூன்றாவது பட்டன் இருக்கும் இடம் நெருப்பாகச் சுட்டது. அந்தக் கோழி நாற்பது மணி நேரம் தொளதொளவென்று கிடந்தது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சாட்சியை வெந்நீர் ஊற்றிக் கரைத்துச் சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்பவனும் நான்தான். அப்போதும் பெரிய மச்சான் விடவில்லை. "பட்டன் சொல்றது இருக்கட்டும், நம்ம மூக்கர் என்ன சொல்றாரு? அவர் ஒரு தடவை முகர்ந்துட்டா எனக்குத் திருப்தி" என்றார். என் மனைவி, "ஆமாங்க, நீங்க சொல்லிட்டா சரி, நான் சாப்பிடறேன்" என்றாள். அவ்வளவுதான். தங்கள் மகள் உள்ளே போய், சமைக்கக் காத்திருந்த கோழியைத் தட்டோடு கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

கண்ணை மூடினேன். முகர்ந்தேன். வெறும் காற்று. ஒன்று எண்ணினேன். நல்லா இருக்கு என்று சொன்னால் போதும், என் நாற்காலி பத்திரம். இரண்டு எண்ணினேன். ஓரக்கண்ணால் பார்த்தால் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்; ஆபரேஷனில் பாதியாக இளைத்துப் போன முகம், ஆனால் முப்பத்தெட்டு வருடமாக என் மூக்கின்மேல் வைத்த நம்பிக்கை மட்டும் கொஞ்சமும் இளைக்காத முகம். மடியில் பேரன் தட்டைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். மூன்று எண்ணினேன். நாலை எண்ண முடியவில்லை.

"எடுத்துட்டுப் போம்மா, யாரும் சாப்பிடக் கூடாது" என்றேன். "நாத்தமா அடிக்குது?" என்றார் பெரிய மச்சான். "எனக்கு நாத்தமும் தெரியாது, மணமும் தெரியாது. மூணு மாசமாச்சு மூக்கு செத்து. கரண்ட் அரை மணி நேரம் போகல, நாப்பது மணி நேரம் போச்சு. நான் சீட்டாடப் போயிட்டேன். பட்டன் அடியிலதான் இருந்துச்சு. இதோ, இதுதான் அது" என்று சட்டையைப் பிடித்துக் காட்டினேன். பெரிய மச்சான், "அப்போ போன மாசம் எங்க வீட்டு வெண்ணெய் கெட்டுப் போச்சு, கொட்டிடுன்னீங்களே?" என்று கேட்டார். "அது உங்க மூஞ்சியைப் பாத்துச் சொன்னது மச்சான்" என்றேன். இதற்கு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. என் மனைவியும் சிரிக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து, "மூணு மாசமா என்கிட்ட ஏங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதுதான் தங்கள் மகளின் பெருமைக்கு வருகிறேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தத் தட்டை என் தலையில் கவிழ்த்திருப்பாள்; கவிழ்த்தாலும் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. "சரி மாமா. நீங்க போய் அத்தை பக்கத்துல உட்காருங்க" என்றாள். தட்டோடு உள்ளே போனாள். சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. நான் இருபத்திரண்டு பேருக்கு ரொட்டியும் பழமும் எப்படிப் போதும் என்று மனசுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். இருபதே நிமிடம்தான், சம்பந்தி! கதவு இடுக்கு வழியாகச் சட்டி கொதிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் பெரிய பாத்திரம் நிறையக் கோழி, பக்கத்தில் கையில் ஊசி வெப்பமானியோடு தங்கள் மகள். இருபது நிமிடத்தில் எட்டு கிலோ புதுக்கோழியை எங்கிருந்து வரவழைத்தாள்? கடைக்காரருக்குப் போன் போட்டுப் பின்வாசல் வழியாக வாங்கினாளா? அவள் மருத்துவமனைக்கே சொல்லி அனுப்பினாளா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. பார்சல் ஆபீஸில் அவசரப் பொருளுக்கே நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்வோம். ஒன்றே முக்கால் மணிக்கு எழுபத்தெட்டு டிகிரியில் எல்லோருக்கும் பரிமாறினாள். என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெரிய மச்சான் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. மிச்சமிருந்ததைச் சூடு தணிந்ததும் அகலமான டப்பாக்களில் பரப்பி, இரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, சீட்டும் ஒட்டிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

இப்படிப்பட்ட பெண்ணைப் பெற்று வளர்த்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினீர்களே, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்? மூக்கை விடக் கடிகாரம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இத்தோடு வீட்டில் என் உத்தியோகம் முடிந்தது. இரண்டாம் முறை ஓய்வு பெற்றவனாக இதை எழுதுகிறேன். முதல் தடவை ஒரு கடிகாரமாவது கொடுத்தார்கள்.

தங்கள் கால் சீக்கிரம் பலப்பட்டு, தாங்களும் சம்பந்தியம்மாளும் நோய் நொடி இல்லாமல், பசித்த நேரத்துக்குப் பசித்து, சாப்பிட்டது செரித்து நீடு வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி
(முன்னாள் மூக்கர்)

பின்குறிப்பு: மேலே கண்டவற்றில் பெரும்பகுதியை ரத்து செய்ய வேண்டியிருக்கிறது. கடிதத்தை உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லித் தங்கள் மகளிடம் கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். அவள் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "மாமா, இதுல கொஞ்சம் திருத்தம் இருக்கு" என்று எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

புதுக்கோழி எங்கிருந்தும் வரவில்லையாம். நான் முகர்ந்த அதே கோழியைத்தான் எல்லோரும் சாப்பிட்டோமாம். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "பயப்படாதீங்க. பழைய கோழியைத் திங்கக்கிழமை ராத்திரியே தூக்கிப் போட்டாச்சு. நீங்க முகர்ந்தது சனிக்கிழமை புதுசா வாங்கினது. நான் வெச்சது வெள்ளைப் பட்டன், ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா பழுப்பு பட்டன் இருக்கு. குளுர்ல பட்டன் கலர் மாறுமா மாமா? மறுநாள் பாத்தா வெள்ளை பட்டன் உங்க சட்டையில இருக்கு. கரண்ட் நாப்பது மணி நேரம் போனதை மாடி வீட்டு டீச்சர் வாசல்லயே சொல்லிட்டாங்க" என்றாள். "பின்னே எதுக்கும்மா சபைக்குக் கோப்பையைக் கொண்டு வந்தே?" என்றேன். "நீங்களா சொல்றதுக்கு ஒரு வழி விட்டேன்" என்றாள்.

மூக்கு போன விஷயமும் வீட்டில் யாருக்கும் புதிது இல்லையாம். காய்ச்சல் விட்ட நாலாம் நாளே, கருகிப் போன ரொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நிம்மதியாகப் பேப்பர் படித்ததைப் பார்த்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். மகனுக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்; அன்றைக்கு அவள் கேட்டதுகூட, ஏன் மறைத்தேன் என்பதைத்தான். இந்த மூன்று மாதமாக என் முன்னால் நீட்டிய ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு பால் பாத்திரத்தையும் தங்கள் மகள் முன்பே தேதி பார்த்து, தொட்டுப் பார்த்து, முகர்ந்து, சரி என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். நான் தவறாகத் தீர்ப்புச் சொல்லவே முடியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள், சம்பந்தி.

பதினான்கு பக்கத்தையும் எரிக்க வேண்டாம். எரிக்கத் தங்களிடம் அது இல்லை என்று தெரிந்துகொண்டேன். வந்த அன்றைக்கே தாங்கள் அதை அவளுக்கு அனுப்பிவிட்டீர்களாமே! ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சீட்டைப் பிரித்து எடுத்துக் காட்டினாள். பின்பக்கம் என் கையெழுத்து. "தங்கள் மகள் எதையும் வீணாக்குவதில் வல்லவள்" என்ற வரி, பாதியில் வெட்டுப்பட்டு. "ஒரு பக்கம்தானே எழுதியிருந்தீங்க மாமா, அடுத்த பக்கம் வீணாப் போகுதேன்னு" என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "அன்னைக்கு நான் சொல்லாம, நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா?"

"சாப்பாட்டுல ஒரு மாத்தமும் இருந்திருக்காது. அதே கோழி, அதே எழுபத்தெட்டு டிகிரி" என்றாள். எழுந்துகொண்டே, "உங்களைக் கூப்பிடறதை மட்டும் நிறுத்தியிருப்பேன்" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து குரல் வருகிறது. "மாமா, பால் வந்திருக்கு, ஒரு தடவை முகர்ந்து பாத்துட்டுப் போங்க." மேலே கையெழுத்தில் உள்ள "முன்னாள்" என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும். கூப்பிடுகிறாள், போக வேண்டும்.